மழையில் கழன்ற ஸ்டூல் கால்

கேள்வி: பால்கனி ஸ்டூலின் காலை வெள்ளைப் பசை போட்டு ஒட்டினேன். ஜூலை மழையில் கழன்றுவிட்டது. மறுபடி அதையே போடலாமா?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: வேண்டாம்மா. சாதாரண வெள்ளைப் பசை வீட்டுக்குள் இருக்கும் அலமாரிக்குச் சரி. மும்பை மழையில் ஊறினால் இளகிவிடும். என் அப்பா சட்டியில் காய்ச்சிய வச்சிரத்துக்கும் (மாட்டுத்தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பழைய மரப்பசை) இதே கதிதான். டப்பாவில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்ட மரப்பசை வாங்குங்கள். அதற்கு முன் பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, மரம் தெரிய வையுங்கள். காய்ந்த பசைமேல் புதுப்பசை பிடிக்காது. இங்கேதான் எல்லோரும் சோம்பல் படுகிறார்கள், நான் உட்பட! மரமும் காய்ந்திருக்க வேண்டும். மூட்டு லொடலொடவென்று ஆடினால், இரண்டு ட்யூப் கலக்கும் எபாக்ஸி பசைதான்; அது இடைவெளியையும் நிரப்பும். கிளாம்ப் இல்லையா? பழைய சைக்கிள் ட்யூபால் இறுக்கிச் சுற்றுங்கள். அப்புறம், 24 மணி நேரம் யாரையும் உட்கார விடாதீர்கள்.