களப்புக்குள் விமானம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கூகுள் ஏர்த்தில் நீர்கொழும்புக் களப்பைப் பார்த்தேன். தண்ணீருக்கடியில் ஒரு விமானம் அப்படியே கிடக்கிறது. பக்கத்தில் சிவப்பு, பச்சை, நீல உருவங்கள் வேறு. விழுந்த விமானமா?
- வெள்ளவத்தை வாசகர்

பதில்: விழவில்லை, பறந்துகொண்டிருக்கிறது. கட்டுநாயக்க விமான நிலையம் களப்பை ஒட்டித்தான் இருக்கிறது.

செய்மதி எல்லா நிறத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. கூர்மையான கறுப்பு-வெள்ளைப் படம் ஒன்று. சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி. நடுவில் சிறிய நேர இடைவெளி. பிறகு கறுப்பு-வெள்ளையின் மேல் நிறத்தை ஏற்றுவார்கள். வீடும் வீதியும் அசையாது, நிறம் பிசகாமல் பொருந்தும். விமானம் அதற்குள் நகர்ந்துவிடும். கறுப்பு-வெள்ளையில் அது இருந்த இடத்தில் நிறம் எடுக்கும்போது வெறும் தண்ணீர்தான். அதனால் விமானத்தின் உருவத்தில் களப்பின் பச்சை ஏறி, மூழ்கிக் கிடப்பதுபோலத் தெரிகிறது. நிறங்கள் பிடித்த விமானம் தள்ளித் தள்ளி மூன்று சாயல்களாக விழுகிறது. சென்டினல்-2 செய்மதியில் நீலத்துக்கும் சிவப்புக்கும் ஏறக்குறைய 1 வினாடி வித்தியாசம். உயரத்தில் வினாடிக்கு 250 மீட்டர் பறக்கும் விமானம், ஒரு புள்ளி 10 மீட்டரைக் காட்டும் அந்தப் படத்தில் 25 புள்ளி தள்ளிப் போயிருக்கும்.

நீங்களே சோதிக்கலாம். கூகுள் ஏர்த்தின் ரூலர் கருவியால் மூக்கிலிருந்து வால்வரை அளந்து பாருங்கள்: ஏ320 என்றால் 37.6 மீட்டர், ஏ330-300 என்றால் 63.7 மீட்டர். அடுத்தது நிழல். இதைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள், விமானத்தின் பக்கத்திலேயே தேடுவதால். 3 பாகைச் சரிவில் இறங்கும் விமானம் ஓடுபாதைக்கு 5 கிலோமீட்டர் முன்னே சுமார் 260 மீட்டர் உயரத்தில் இருக்கும். சூரியன் 60 பாகையில் நின்றால் நிழல் 150 மீட்டர் தள்ளி விழும். காலையில் எடுத்த படத்தில் மேற்குப் பக்கம் பாருங்கள். தண்ணீரில் நிழல் மங்கும், கரையில் தெளிவாகத் தெரியும். கடைசியாக, கூகுள் ஏர்த் புரோவில் கடிகாரப் படத்தை அழுத்தி முன்பின் திகதிகளுக்குப் போங்கள். விழுந்து கிடப்பது பிந்திய படங்களிலும் அங்கேயே இருக்கும், பறந்தது இருக்காது.

இதைப் பார்க்காமல் படத்தைப் பரப்பாதீர்கள். 2014இல் காணாமல்போன மலேசிய விமானம் எம்எச்370 கம்போடியக் காட்டில் கிடக்கிறது என்று 2018இல் பேச்சு கிளம்பியதும் கூகுள் மெப்ஸ் படத்தை வைத்துத்தான். காத்திருக்கும் குடும்பங்களுக்கு அது பெரிய வேதனை.

கேள்வி: கூகுள் ஏர்த்தில் கல்கிசைக் கடலில் கோடு போட்டாற்போல ஒருபக்கம் கறுப்பு, மறுபக்கம் வெளிர். ஏன்?

பதில்: இரண்டு நாள் எடுத்த படங்களின் ஒட்டு. ஒருநாள் சூரிய ஒளி கடலில் பட்டுச் செய்மதியை நோக்கித் தெறித்திருக்கும், மறுநாள் இல்லை. சுட்டியைக் கோட்டுக்கு இருபக்கமும் நகர்த்துங்கள். கீழே காட்டும் திகதி மாறினால் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: காலிமுகத்திடலில் எடுத்த ட்ரோன் படத்தில் வெளிச்ச வட்டு ஒன்று நிற்கிறது.

பதில்: சூரியன் படத்துக்குள் இருந்தால், அதிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுங்கள். வட்டு அந்தக் கோட்டில் விழுந்தால் வில்லைக்குள் தெறித்த ஒளி. விழாவிட்டால் அடுத்தடுத்த படங்களைப் பாருங்கள். ஒரே மூலையில் அசையாமல் நின்றால் வில்லையில் உப்புநீர்த் துளி. கடற்காற்றில் இது அடிக்கடி நடக்கும். இடம் மாறினால் பட்டமா என்று பாருங்கள், அங்கே மாலையில் பட்டத்துக்குக் குறைவில்லை.