பெலீஸ் கடலில் ஃப்ளை ஃபிஷிங்: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

மத்திய அமெரிக்க நாடான பெலீஸுக்கு ஃப்ளை ஃபிஷிங் (இறகும் நூலும் கட்டிய போலி இரையை, அதாவது ஃப்ளையை, கனமான லைனின் எடையாலேயே வீசி மீன் பிடிப்பது) போக நினைப்பவர்கள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் தருகிறேன். எந்த லாட்ஜ் நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள். யாருக்கும் ஆள் பிடித்துக் கொடுப்பது என் வேலை இல்லை.

டாலஸ் வாசகர்: கொலராடோவில் ட்ரவுட் பிடித்துப் பழக்கம் உண்டு. கடலில் இதுதான் முதல் முறை. எந்த மாதம் போகலாம்? எங்கிருந்து ஆரம்பிப்பது?

மார்ச்சிலிருந்து ஜூன் வரை. முதல் முறை போகிறவருக்கு அதுதான் என் பதில். வெயில் நன்றாக இருக்கும். தண்ணீருக்குள் மீனைக் கண்ணால் பார்த்து வீசுவதுதான் இந்த ஆட்டம் என்பதால் வெயில் இல்லாவிட்டால் பாதி நாள் வீண். அங்கே தேடிப் போவது மூன்று கடல் மீன்களை: போன்ஃபிஷ், பெர்மிட், டார்பன். போன்ஃபிஷ் வருடம் முழுக்க உண்டு. பெர்மிட்டும் அப்படித்தான், வசந்த மாதங்களில் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு. பெரிய டார்பன் கூட்டம் மே, ஜூனிலிருந்து வரத் தொடங்கும். சிறிய டார்பன்கள் அலையாத்திக் காட்டு உப்பங்கழிகளில் எப்போதும் இருக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும். மேகமும் காற்றும் சேர்ந்து இரண்டு மூன்று நாளைத் தின்றுவிடும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை புயலின் உச்சம். 1961 அக்டோபர் 31இல் ஹாட்டி புயல் பெலீஸ் நகரத்தைச் சிதைத்துப் போட்டதால்தான் தலைநகரையே உள்நாட்டுக்கு, பெல்மோபானுக்கு, மாற்றினார்கள். செப்டம்பரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது ஆசை காட்டினால் அந்த வரலாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதம் போனாலும் புயலுக்குப் பணம் திருப்பித் தரும் பயணக் காப்பீடு எடுங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றீர்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியிலிருந்து. லாட்ஜுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே 8 எடை ராடு (தூண்டில் கோல்; எண் ஏற ஏறக் கனமான லைனுக்கும் பெரிய மீனுக்கும்) ஒன்றை வாங்கி, காற்று அடிக்கிற நாளாகப் பார்த்து வெளியே போய் வீசிப் பழகுங்கள். ஓடையில் 25 அடி வீசி ட்ரவுட் பிடித்தவருக்குக் கடல் அதிர்ச்சி தரும். படகின் முன்முனையில் நிற்கிறீர்கள், பின்னால் கைடு கோல் ஊன்றித் தள்ளுகிறார். திசையை அவர் கடிகாரக் கணக்கில் சொல்வார், முன்முனைதான் 12 மணி. "பத்து மணி, ஐம்பதடி, வலப்பக்கம் போகுது, வீசு!" என்பார். உங்களுக்கு ஐந்தாறு வினாடிதான். இரண்டு தடவைக்குள் லைன் அந்த இடத்தில் விழ வேண்டும், அதுவும் கிழக்குக் காற்று முகத்தில் அடிக்கும்போது. எண்பதடி வீசத் தெரிய வேண்டியதில்லை. ஐம்பதடியைச் சீக்கிரமாக, சொன்ன இடத்தில் வீசினால் போதும். வாரம் முழுக்க ஒரு மீனும் படாமல் திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் லாட்ஜைக் குறை சொல்வார்கள். நான் அவர்கள் வீசுவதைப் பார்த்திருக்கிறேன்.

ட்ரவுட்காரர்களுக்கு இன்னொரு விஷயம். மீன் ஃப்ளையை வாயில் போட்டதும் ராடைத் தூக்காதீர்கள். இடது கையால் லைனை நீளமாக, அழுத்தமாக இழுங்கள். ராடைத் தூக்கினால் ஃப்ளை மீனின் முகத்தைவிட்டு மேலே பறந்துவிடும், கதை முடிந்தது. கையால் இழுத்தால் தவறினாலும் ஃப்ளை ஓர் அடிதான் நகர்ந்திருக்கும். தப்பித்து ஓடும் நண்டு என்று நினைத்து மீன் மறுபடி துரத்தும்.

சான் ஹொசே வாசகி: என்னென்ன ராடு வேண்டும்? லாட்ஜில் வாடகைக்குத் தருவார்களா?

போன்ஃபிஷுக்கு 8, பெர்மிட்டுக்கு 9 அல்லது 10, டார்பனுக்கு 11 அல்லது 12. பல லாட்ஜ்களில் வாடகைக்கு உண்டு, முன்பே எழுதிக் கேளுங்கள். நான்கு துண்டாகக் கழற்றும் ராடாக இருந்தால் கைப்பையோடு விமானத்தில் ஏற்றலாம். பெலீஸுக்குள் சிறு விமானத்தில் மாற வேண்டும் என்பதால் சுமையைக் குறையுங்கள். ராடு, ரீல் இரண்டும் உங்களோடு வரட்டும், கொக்கியும் இடுக்கியும் பெட்டிக்குள் போகட்டும்.

ராடைவிட லைன் முக்கியம். குளிர்நாட்டு ஆற்றுக்குச் செய்த லைன் அந்த வெயிலில் இளகித் துவண்டுவிடும், வளையத்துக்குள் ஓடாது. வெப்பமண்டலக் கடலுக்கு என்று தனியாக விற்கும் மிதக்கும் லைனை வாங்குங்கள். டீட் கலந்த கொசு மருந்தை உள்ளங்கையில் பூசிக்கொண்டு லைனைத் தொடாதீர்கள், மேல்பூச்சை அது தின்றுவிடும். மணல் ஈக்கள் பிடுங்கும் ஊர் என்பதால் மருந்து பூசாமலும் இருக்க முடியாது. புறங்கையால் பூசிக்கொள்ளுங்கள். ராடு எதுவானாலும் போவதற்கு முன் காற்றில் வீசிப் பழகுங்கள்.

அட்லாண்டா வாசகர்: டிசம்பரில் குழந்தைகளுக்கு விடுமுறை. அப்போது போகலாமா?

போகலாம், மீனுக்காகப் போகாதீர்கள். டாலஸ்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நியூ ஜெர்சி வாசகர்: கணவன், மனைவி இருவரும் போகிறோம். அவளுக்கு மீன் பிடிப்பதில் துளியும் விருப்பம் இல்லை.

அப்படியானால் டர்னெஃப் போன்ற பவளத் தீவுகளில் இருக்கும் தனி லாட்ஜ் வேண்டாம். அங்கே நீங்கள் விடியலில் படகேறினால் அவருக்கு ஊஞ்சலும் புத்தகமும்தான். ஆம்பர்கிரிஸ் தீவின் சான் பெட்ரோவில் தங்குங்கள். கடைத்தெரு, சாப்பாட்டுக் கடைகள், பக்கத்திலேயே ஹோல் சான் கடல் காப்பகம், அங்கே மூச்சுக்குழல் வைத்து மீன் பார்க்கலாம். ஒருநாள் பெருநிலத்துக்குப் போய் லமனாய் மாயன் கோயில்களைப் பார்த்து வரலாம். உங்களுக்கு நாள் வாடகைக்குக் கைடு கிடைப்பார். வாரத் திட்டமாக எடுக்க வேண்டியதில்லை.

வாரத் திட்டமாக எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். லாட்ஜ்கள் சொல்லும் விலை பெரும்பாலும் ஒரு படகு, ஒரு கைடு, இரண்டு பேர் என்ற கணக்கில் இருக்கும். இருவரும் மாறி மாறித்தான் முன்முனையில் நிற்பீர்கள். தனியாக வேண்டுமென்றால் விலை ஏறும். உரிமம், காப்பகக் கட்டணம், உள்ளூர் விமானம், குடிவகை, வரி எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கைடுக்கான அன்பளிப்பு அநேகமாக எதிலும் அடங்காது.

கோவை வாசகர்: சுத்த சைவம். சாப்பாடு கிடைக்குமா?

தேங்காய்ப்பாலில் வேக வைத்த அரிசியும் சிவப்பு பீன்ஸும் அந்த நாட்டுச் சாப்பாடு. ஆனால் பீன்ஸில் பன்றி வால் போட்டு வேக வைக்கும் வழக்கம் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊர்க்காரர்களின் ஹபனேரோ மிளகாய்ச் சாறு நம் நாக்குக்கு ஏற்றது.

ஹூஸ்டன் வாசகர்: இந்தியப் பாஸ்போர்ட், கிரீன் கார்டு. விசா வேண்டுமா?

அது என் துறை இல்லை, விதிகள் மாறிக்கொண்டும் இருக்கும். பெலீஸ் குடிவரவுத் துறையிடமே கேளுங்கள்.

பாம்பன் வாசகர்: அண்ணே, ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. இம்புட்டுப் பணம் செலவழிச்சுப் போய் மீனைப் பிடிச்சு, போட்டோ எடுத்துட்டு, திருப்பிக் கடல்லயே விட்டுட்டு வருவீங்களாம். எங்கப்பா வள்ளத்துல போய் மீன் பிடிச்சாரு, நாங்க தின்னோம், வித்தோம். அதுல ஒரு நியாயம் இருக்கு. பசிக்காம மீன் வாயில ஊசியைக் குத்தி இழுத்து விளையாடுறது என்ன நியாயம்?

தப்பாக நினைக்கவில்லை. முதலில் சட்டம். பெலீஸில் 2009 முதல் போன்ஃபிஷ், பெர்மிட், டார்பன் மூன்றையும் பிடித்தால் விட்டே ஆக வேண்டும். விருப்பம் இருந்தால் விடலாம் என்ற கதை இல்லை.

அந்தச் சட்டம் வந்த காரணத்தைப் பாருங்கள். அங்கே கைடாக இருப்பவர்களில் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். அப்பாவோ தாத்தாவோ லாப்ஸ்டருக்கும் சங்குக்கும் முத்துக் குளிப்பவர்போல மூச்சடக்கி மூழ்கியவர். அந்த நாட்டில் தொழில்முறை மீன்பிடிக்கு ஆக்சிஜன் உருளை கட்டி இறங்க இன்றும் அனுமதி இல்லை. ஒரு பெர்மிட்டைச் சந்தையில் விற்றால் ஒருமுறைதான் காசு. அதே மீன் ஆழம் குறைந்த கடல் திட்டில் உயிரோடு மேய்ந்தால் வருடக் கணக்கில் கைடு, படகுக்காரர், சமையல்காரர் என்று பலருக்கும் கூலி. அந்தக் கணக்கைப் போட்டுச் சட்டம் கேட்டவர்களில் அந்தக் கைடுகளும் உண்டு.

டொராண்டோ வாசகர்: அண்ணை, காசுக் கணக்கைச் சொல்லி நழுவுறீங்கள். அவர் கேட்டது நியாயம். மீனுக்கு நோகாதோ?

நழுவவில்லை, வரிசையாக வருகிறேன். மீனுக்கு நல்லது செய்கிறேன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஊசி குத்தினால் மீன் துடிக்கிறது, அது கண்முன்னே தெரிகிறது. இது என் ஆசைக்காக நான் செய்வது. எனவே துடிப்பைக் குறைப்பது என் பொறுப்பு.

சிகாகோ வாசகர்: விட்டாலும் செத்துத்தானே போகும்? பிறகு எதற்கு இந்த நாடகம்?

எல்லாம் செத்துப்போகாது. செத்துப்போவதும் பிழைப்பதும் பெரும்பாலும் உங்கள் கையில். களைத்த போன்ஃபிஷ் நிலை தடுமாறி மல்லாந்தால் சுறாவும் சீலாவும் அங்கேயே காத்திருக்கும். தண்ணீருக்கு வெளியே அதிக நேரம் வைத்த மீனுக்குத்தான் அந்தத் தடுமாற்றம் அதிகம். ஆகவே கொக்கியின் முனையருகே பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மெல்லிய ராடில் அரை மணி நேரம் விளையாட்டுக் காட்டாமல் சீக்கிரம் இழுத்து முடியுங்கள். கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். மீனைத் தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றுங்கள். படம் வேண்டுமா, கேமரா தயாரான பிறகு ஒரு மூச்சு நேரம் தூக்குங்கள். பெரிய டார்பனைப் படகுக்குள் இழுத்துப் போட்டுப் படம் எடுக்கும் ஆளோடு நான் படகு ஏற மாட்டேன். சுறா சுற்றினால் வேறு திட்டுக்குப் போய்விடுங்கள்.

பாம்பன் வாசகர்: சரி அண்ணே. ஆனா அங்க வலையத் தடை பண்ணிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். உங்க மாதிரி டூரிஸ்ட்டுக்காக மீனவன் வயித்துல அடிச்சாங்களா?

நல்ல கேள்வி, இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். 2020 நவம்பரில் பெலீஸ் செவுள் வலையை முழுக்கத் தடை செய்தது. அங்கே அதைப் பயன்படுத்தியவர்கள் சிறு கூட்டம். லாப்ஸ்டரும் சங்கும்தான் பெரிய தொழில், அவற்றுக்கு வலை தேவையில்லை. வலையை ஒப்படைத்தவர்கள் வேறு தொழிலுக்கு மாற உதவித் திட்டமும் வந்தது. தடையைக் கேட்டதில் விளையாட்டு மீன்பிடிப்பவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. வலையை இழந்த ஒவ்வொருவருக்கும் லாட்ஜில் வேலை கிடைக்காது என்பதும் உண்மை. என்றாலும் அந்த வலையில் போன்ஃபிஷும் ஆமையும் கடற்பசுவும் வேறுபாடில்லாமல் மாட்டின. நம் பாக் நீரிணையில் இழுவை மடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் தடையின் பக்கம்தான். நீங்கள் மாறுபட்டால் அதற்கும் நியாயம் உண்டு.

இதே விஷயமாக இன்னும் நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். பாதிப் பேர் என்னைக் கொலைகாரன் என்கிறார்கள், மீதிப் பேர் மீன் குழம்பை வீணாக்குகிறவன் என்கிறார்கள். இரு தரப்பும் பேசிக்கொள்ளட்டும். நான் மேலே போகிறேன்.

சார்லட் வாசகர்: எந்த மாதம் சிறந்தது?

மேலே இருக்கிறது.

சியாட்டில் வாசகர்: ஒரே நாளில் மூன்று மீனும் பிடிப்பதை கிராண்ட் ஸ்லாம் என்கிறார்களே, ஒரு வாரத்தில் சாத்தியமா?

சாத்தியம். அதையே இலக்காக வைத்தால் வாரம் கசக்கும். இடையில் நிற்பது பெர்மிட். நம் பாரை மீன் குடும்பம்தான், ஆனால் சந்தேகப் பிராணி. ஃப்ளையை மூக்கருகே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். டெல் பிரவுன் என்ற அமெரிக்கர் 500க்கும் மேற்பட்ட பெர்மிட் பிடித்தவர், அவர் கட்டிய நண்டு ஃப்ளைதான் இன்றும் எல்லோர் பெட்டியிலும் இருக்கிறது. நமக்கெல்லாம் வாரத்தில் ஒன்று தொட்டாலே பெரிது. முதல் இரண்டு நாள் போன்ஃபிஷில் கை பழகுங்கள். பெலீஸில் அவை பெரும்பாலும் 2 முதல் 4 பவுண்டுதான், கூட்டமாக வரும், தவறினால் அடுத்த கூட்டம் உண்டு. பஹாமாஸில் பெரியவை கிடைக்கும், அங்கே கூட்டம் சிறிது. பெலீஸில் கடல்நீரின் ஏற்ற இறக்கம் அரை மீட்டருக்கும் குறைவு, காற்றே நீர்மட்டத்தை மாற்றிவிடும். ஆகவே அலை அட்டவணையைப் பிடித்துக்கொண்டு கைடோடு வாதாடாதீர்கள். டார்பன் துள்ளும்போது மட்டும் ராடை அதன் பக்கம் நீட்டி லைனைத் தளர்த்துங்கள். காற்றில் இருக்கும் மீனின் முழு எடையும் விறைத்த லைனில் விழுந்தால் லைன் அறும், அல்லது கொக்கி பிடுங்கும்.

சென்னை வாசகர்: அந்தமானிலேயே இதெல்லாம் கிடைக்காதா?

அந்தமானில் பெரிய பாரை மீனுக்கு வெளிநாட்டவரும் வருகிறார்கள். அது வேறு கடல், வேறு கைடுகள், முதலையும் உண்டு. அங்கே பிடித்தவரைக் கேளுங்கள்.

ஆஸ்டின் வாசகர்: எந்த மாதம்…

டாலஸ்காரரைக் கேளுங்கள். வீசிப் பழகினீர்களா?

போஸ்டன் வாசகர்: கைடுக்கு எவ்வளவு கொடுப்பது?

ஒரு படகுக்கு நாளைக்கு 100 அமெரிக்க டாலர் அளவில் கொடுப்பது பரவலான வழக்கம், இருவர் இருந்தால் பங்கிட்டுக்கொள்ளலாம். பணமாகக் கொடுங்கள். 2 பெலீஸ் டாலர் 1 அமெரிக்க டாலர், எதைக் கொடுத்தாலும் வாங்குவார்கள். மீன் படாத நாளுக்கும் கொடுங்கள். அன்றைக்குத்தான் அவர் அதிகம் கோல் ஊன்றியிருப்பார்.