வேர்முடிச்சும் எலியும்

அன்புள்ள ஐயா,

பாட்ரிக் பிரவுனைப் பற்றிப் படித்தேன். ஸ்டான்ஃபோர்டில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்தவர், 2011-ல் இம்பாசிபிள் ஃபுட்ஸைத் தொடங்கித் தாவர இறைச்சி விற்கப் போய்விட்டார். விலங்குப் பொருள் எதையும் உண்ணாத வீகன் என்கிறார், ஆனால் எலிகளில் சோதித்திருக்கிறார். போலித்தனம் இல்லையா? நான் நச்சியல் ஆய்வு மாணவன். தினமும் எலிகளோடுதான் வேலை. எனக்கும் நிறுவனம் தொடங்கும் ஆசை உண்டு. அறிவியலை விட்டுப் போகலாமா?

அன்புள்ள தம்பி,

"அறிவியலை விட்டு" என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். யார் விட்டது? ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் ஆராய உதவும் டிஎன்ஏ மைக்ரோஅரேயை உருவாக்கியவர்களில் ஒருவர் பிரவுன். கறிக்கு அந்த ருசி எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். சமையல்காரர் கேள்வியா இது? அவர் கண்ட விடை ஹீம். ரத்தத்தைச் சிவப்பாக்கும், இரும்பு கொண்ட மூலக்கூறு.

அது தாவரத்திலும் உண்டு. கல்லூரிச் செய்முறை வகுப்பில் பயறுச் செடியைப் பிடுங்கி, மண்ணைக் கழுவி, வேரில் மிளகளவு ஒட்டியிருக்கும் முடிச்சைப் பிளேடால் அறுப்போம். உள்ளே இளஞ்சிவப்பு, விரலில் ஒட்டும். ஹீமைச் சுமக்கும் புரதம் அது; லெக்ஹீமோகுளோபின் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். அதோடு சரி, அப்புறம் அதை யார் நினைத்தோம்? பிரவுன் சோயாவின் அந்த மரபணுவை ஈஸ்ட்டில் ஏற்றி, நொதிக்க வைத்துத் தொட்டி தொட்டியாக எடுத்தார். 2016-ல் அது பர்கராக வந்தது.

காசாசை என்கிறீர்களா? ஆய்வுக் கட்டுரைகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கட்டும் என்று பிளாஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். போகட்டும்.

எலிக்கு வருகிறேன். சோயா வேரில் இருக்கும் புரதத்தை மனிதர் தின்று பழகியதில்லை. அது பாதுகாப்பானது என்று காட்ட பிரவுனின் நிறுவனம் கொடுத்த தரவு போதாது என்று 2015-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொன்னது. அதன்பிறகுதான் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் மேற்கொண்டு கேள்வி இல்லை என்று நிர்வாகம் எழுதியது. நடுவில் பீட்டா திட்டித் தீர்த்தது. அந்தச் சோதனை தேவையே இல்லை என்றது. அது வாதிட வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது எவ்வளவு வேதனையான முடிவு என்பதைப் பிரவுனே வெளிப்படையாக எழுதினார். மறைத்திருந்தால்தானே போலித்தனம்? சும்மா உட்கார்ந்திருக்கிறவனிடம் முரண்பாட்டை எங்கே போய்த் தேடுவது? எதையாவது செய்கிறவன்தான் அகப்படுவான். அகப்பட்டதும் கைகொட்டிச் சிரிக்க நமக்கு எவ்வளவு அவசரம்!

தினமும் எலிகளோடுதான் வேலை என்கிறீர்கள். அவற்றுக்காக உங்கள் கடிதத்தில் ஒரு வரி வருத்தம் இல்லையே, தம்பி?

நிறுவனமா? முதலில் ஆய்வேட்டை எழுதி முடியுங்கள்.