நிக்கொட்டினிக் வாங்கிகள் புகைப்பவர்களின் உடலில் மட்டும்தான் உண்டா?

இல்லை. வாங்கி என்பது கலத்தின் மேற்பரப்பில் இருந்துகொண்டு வேதிச் செய்தியைப் பெறும் புரதம். பீடியைக் கண்ணாலும் காணாத குழந்தைக்கும் நிக்கொட்டினிக் வாங்கி உண்டு. யாருடையதோ வைத்திய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

களுவாஞ்சிக்குடியில் என் அம்மாவுக்கு மாலையானால் பேச்சு மூக்கால் வரத் தொடங்கியது. காலையில் பிட்டும் தயிரும் நன்றாகச் சாப்பிடுவார். இரவில் அதே பிட்டு தொண்டையில் நிற்கும். இடக்கண் இமையை ஒரு விரலால் தூக்கிப் பிடித்தபடி தொலைக்காட்சி பார்ப்பார். வயது போய்விட்டது என்றேன். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிப்பவன்! அதே மாதம்தான், நரம்பு தசைக்கு அனுப்பும் வேதிப்பொருளான அசற்றைல்கோலீனின் இரண்டு மூலக்கூறுகள் இந்த வாங்கியில் பொருந்தினால் அதன் கதவு திறக்கும், சோடியம் அயன்கள் உள்ளே பாயும், தசை சுருங்கும் என்று கரும்பலகையில் படம் வரைந்துகொண்டிருந்தேன்.

கண்டுபிடித்தவர் ஓர் இளம் வைத்தியர். இறப்பர்க் கையுறைக்குள் ஐஸ் கட்டிகளைப் போட்டு, இரண்டு நிமிடம் இமைமேல் வைத்தார். எடுத்தபோது இமை மேலே ஏறியிருந்தது. குளிரில் அசற்றைல்கோலீனைச் சிதைக்கும் நொதியம் மந்தமாகிவிடும். மிஞ்சிய வாங்கிகளுக்கு அது கூடுதலாகக் கிடைக்கும். நோய் மயஸ்தீனியா கிராவிஸ்: கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் பிறபொருளெதிரிகளே தசையிலுள்ள இந்த வாங்கிகளை அழிக்கின்றன. இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது.

சின்னம்மா விளக்கம் கேட்டார். நான் வாத்தியார் புத்தியில் ‘நிக்கொட்டினிக் வாங்கி’ என்று முழுப்பெயரையும் சொல்லித் தொலைத்தேன். மறுநாளே, “அக்கா போட்ட வெற்றிலை புகையிலைதான் காரணம்” என்று ஊர் முழுக்கக் கதை. அம்மா வெற்றிலை போடுவார், புகையிலை சேர்ப்பதில்லை. அந்தப் பெயர் வந்தது ஆய்வுகூடத்திலிருந்து. 1905இல் பிரித்தானிய உடற்றொழிலியலாளர் லாங்லி தசையில் நிக்கொட்டினின் விளைவைச் சோதித்தார். அதற்கு மறுமொழி தரும் வாங்கி என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. (எங்களிடம் வாங்கிய எட்டு மூட்டை நெல் மட்டும் சின்னம்மாவின் ஞாபகத்தில் ஒட்டவில்லை.)

புகையிலைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மூளையிலும் இந்த வாங்கிகள் உண்டு. நிக்கொட்டின் அவற்றைத் தூண்டித்தான் ஆளைப் பழக்கத்துக்கு அடிமையாக்குகிறது. நான் வைத்தியரும் அல்லன். உங்கள் வீட்டிலும் இதே நோய் என்றால், காய்ச்சலுக்குப் போனாலும் அதை முதலில் சொல்லுங்கள். சில அன்டிபயோட்டிக்குகள் இதைக் கூட்டிவிடும்.

அசற்றைல்கோலீனைச் சிதைக்கும் அந்த நொதியத்தைத் தடுக்கும் பிரிடோஸ்டிக்மின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தால், அம்மாவுக்கு இப்போது இரவிலும் பிட்டு இறங்குகிறது. சின்னம்மா படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் மட்டும் வெற்றிலைத் தட்டத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிறார்.