பழைய ஆர்எஸ்ஸா, 245ஆ?

கேள்வி: அண்ணா, பெங்களூருல வீடு அல்சூர், வேலை ஒயிட்ஃபீல்டு. 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்னு விலைக்கு வந்திருக்கு, காலேஜ் நாள்ல இருந்து எனக்கு அது மேல ஒரு கண்ணு. வீட்டுக்காரர் லோன் போட்டாவது 2020ல வந்த ஆர்எஸ் 245ஐ செகண்ட் ஹேண்ட்ல பார்க்கலாம்ங்கறார். வேற கார் கிடையாது. எதை எடுக்கலாம்?

பதில்: வேற கார் இல்லைன்னு எழுதிட்டீங்கம்மா, அதனால நான் உங்க வீட்டுக்காரர் கட்சி. ஆனா பழசை மட்டமா பேச மனசு வராது. 1.8 டர்போ, சிலிண்டருக்கு 5 வால்வு, 5 கியர் மேனுவல். ஐரோப்பாவுல 180 பிஎஸ்ஸோட வித்தாங்க, நமக்கு 150 தான் குடுத்தாங்க, அப்படியும் 1,750 ஆர்பிஎம்லயே முழு டார்க் (இழுக்கற சக்தி) 210 என்எம்மும் வந்துடறதால சிட்டிக்குள்ள மூணாவது கியர்ல லேசா மிதிச்சாலே வண்டி குஷியா கிளம்பும், ஸ்டீயரிங்கும் ஹைட்ராலிக், ரோடு எப்படி இருக்குன்னு கையிலயே தெரியும். அந்த சுகம் புதுசுல அவ்வளவா இல்ல.

245 வேற லெவல். 2 லிட்டர், 370 என்எம், 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர், நூறைத் தொட 6.6 செகண்டு. முன் சக்கரம் ரெண்டுக்கும் சக்தியைப் பிரிச்சுக் குடுக்கற எலக்ட்ரானிக் டிஃபரன்ஷியல் இருக்கறதால வளைவுல மிதிச்சாலும் மூக்கு வெளிய ஓடாது. தினம் டின் ஃபேக்டரி ஜங்ஷன்ல கிளட்ச் மிதிச்சு மிதிச்சு கால் வலிக்கறதும் இல்ல.

பழசுல என்ன பிரச்னைன்னா 20 வருஷ ரப்பர். வேக்யூம் ஹோஸ் விரிசல் விடும், இக்னிஷன் காயில் போகும், டைமிங் பெல்ட்டோட வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாத்தணும், ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கற ஜேசி ரோடுல அலைஞ்சாலும் எல்லா பார்ட்டும் உடனே கிடைக்காது, அதுவரைக்கும் ஆபீசுக்கு மெட்ரோ தான். இப்ப பங்க்ல போடற 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்காக செஞ்ச ஃப்யூயல் லைனும் இல்ல அது.

இவ்வளவுக்கு அப்புறமும் மனசு அங்கதான் நிக்குதுன்னா, பார்க்கப் போறப்ப முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெக்காதீங்கன்னு ஓனர்கிட்ட சொல்லிடுங்க, இன்ஜின் ஆறியிருக்கறப்பவே பார்க்கணும். ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க, உள்ள கறுப்பா களி மாதிரி படிஞ்சிருந்தா ஆயில் ஒழுங்கா மாத்தலைன்னு அர்த்தம், அது ஆயில் பம்ப் சல்லடையை அடைச்சு டர்போவையும் இன்ஜினையும் சேர்த்துத் தின்னுடும், அப்படியே திரும்பி வந்துடுங்க. 15 வருஷம் தாண்டின வண்டி, ஆர்சி புதுப்பிச்சிருக்கான்னும் பார்த்துக்கோங்க.

245 இந்தியாவுக்கு மொத்தமே 200 தான் வந்துச்சு, அதனால விலை அவ்வளவு சுலபமா இறங்காது. அதுலயும் ரீமேப் பண்ணின, அதாவது பவரை ஏத்த இன்ஜின் சாஃப்ட்வேரை மாத்தின வண்டிங்க சுத்துது, சர்வீஸ் ஹிஸ்டரி முழுசா காட்டாதவங்ககிட்ட அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.