குழந்தையின் வைரஸ் காய்ச்சலுக்கு சீன மூலிகை யின் சியாவ் தரலாமா?
நானாகக் கொடுக்கச் சொல்லமாட்டேன். யின் சியாவ் சான், மருத்துவர் வூ ஜுதொங் 1798இல் எழுதிய நூலில் உள்ள பொடி. ஹனிசக்கிள் பூவும் ஃபார்சித்தியா காயும் முதன்மை. புதினா, அதிமதுரம் உட்பட இன்னும் ஏழு சரக்குகள். நாணல் வேர்க் கஷாயத்தில் கொதிக்கவிட்டு, மணம் எழுந்ததும் இறக்க வேண்டும். சுண்டக் காய்ச்சினால் புதினா எண்ணெய் ஆவியாகிவிடும். குழந்தைகளுக்கு வைரஸை ஒழிக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

பெரிய சிக்கல் மாத்திரையில்தான். 'வைட்டமின் சி யின் சியாவ்' என்று விற்பதில் பாராசிட்டமாலும் குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்தும் கலந்திருக்கின்றன. மூலிகைதானே என்று காய்ச்சல் சிரப்போடு சேர்த்துக் கொடுத்தால் பாராசிட்டமால் அளவு மீறி ஈரல் கெடலாம்.

ஊசி வேண்டவே வேண்டாம்: ஹனிசக்கிள் சேர்ந்த ஷுவாங்ஹுவாங்லியான் ஊசியை 4 வயது வரையான குழந்தைகளுக்குப் போடக் கூடாதென்று சீனாவே 2018இல் தடுத்துவிட்டது. 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் கஷாயப் பேச்சே கூடாது, உடனே மருத்துவமனை.