ஒருவருக்குப் போட்ட எண்டோஸ்கோப்பையே (உடலுக்குள் பார்க்கும் கேமரா குழாய்) அடுத்தவருக்கும் போடுகிறார்களே, கிருமி தொற்றாதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அப்பாவுக்குக் கொலனோஸ்கோபி (பெருங்குடலை எண்டோஸ்கோப்பால் பார்க்கும் சோதனை) என்று கேட்டிருக்கிறீர்கள். முறையாகக் கழுவினால் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் கிருமிநாசினி மருந்தில் முக்கி எடுப்பது மட்டும் கழுவுவது ஆகாது.

குழாயை வெளியே எடுத்த கையோடு, கட்டிலருகிலேயே துடைத்து, உட்துளை வழியே கழுவு கரைசலை உறிஞ்சவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குமேல் கிடந்தால் அழுக்கு காய்ந்து கிருமிப் படலம் பிடித்துக்கொள்ளும். பிறகு குழாயில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் கசிவுச் சோதனை. அடுத்து வால்வுகளைக் கழற்றி, அழுக்கைக் கரைக்கும் நொதி (என்சைம்) கரைசலில் மூழ்கியபடியே, ஒவ்வொரு துளையையும் அதற்கேற்ற பிரஷால், பிரஷ் சுத்தமாக வெளிவரும்வரை தேய்க்க வேண்டும். கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். மிஞ்சிய புரதத்தைக் குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினி உள்சுவரோடு இறுக்கிவிடும். அப்புறம் எவ்வளவு ஊறவைத்தும் பயனில்லை.

கிருமிநாசினியின் வீரியத்தைச் சோதனைப் பட்டையால் பார்த்த பிறகே ஊறவைப்பார்கள். நேரம் மருந்தைப் பொறுத்தது. மின்வெட்டில் கழுவும் இயந்திரம் பாதியில் நின்றால் அந்தச் சுற்று செல்லாது, முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

டர்பனின் ஈரக்காற்றில் உலர்த்துவதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வடிகட்டிய காற்றைக் குறைந்தது 10 நிமிடம் செலுத்தி, நேராகத் தொங்கவிட வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா ஒரே இரவில் பெருகும்.

கருவியின் எண்ணும் கழுவிய நேரமும் பதிவேட்டில் இருக்கிறதா என்று தாராளமாகக் கேளுங்கள்.